செட்டிநாட்டுப் பணம் எப்படி வந்தது, எங்கே போனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காரைக்குடியில் வளர்ந்தவன். வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இந்தப் பணத்தைச் சேர்த்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகத்தைச் சேர்ந்தவன் அல்ல. வெளியூரிலிருந்து வரும் உறவினர்களும் நண்பர்களும் கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைச் சேர்த்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள். சங்கடமான கேள்விகள் பின்னால் வரும்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார், நகரத்தார் இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுதான். செட்டியார் என்ற பட்டம் தமிழ்நாட்டில் பல சமூகங்களுக்கு உண்டு. நகரத்தார் என்பது இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது கோவில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவர்களை மட்டுமே குறிக்கும். இந்த ஒன்பது கோவில் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல பதில்களுக்கு அது தேவைப்படும்.

உப்பு விற்றவர்கள் எப்படி வங்கி நடத்தும் அளவுக்கு வந்தார்கள்?

உப்பு, அரிசி, துணி என்று ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்தவர்களுக்குக் கடன் கொடுப்பதும் வாங்குவதும் தொழிலோடு ஒட்டியதுதான். அதைக் கடல் கடந்த தொழிலாக்கியது ஆங்கிலேய ஆட்சி. இலங்கையில் காப்பித் தோட்டம், மலாயாவில் ஈயமும் ரப்பரும், பர்மாவில் நெல் என்று ஆங்கிலேயர் போன இடமெல்லாம் இவர்களும் போனார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோவிலை 1859-லேயே கட்டிவிட்டார்கள் என்றால் எவ்வளவு முன்னதாகவே அங்கே வேரூன்றியிருப்பார்கள் என்று பாருங்கள்.

இவற்றில் பெரிய களம் பர்மா. 1852 போரில் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி முகத்துவாரத்து அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. 1850-களில் ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கராக இருந்த கீழ்ப் பர்மாவின் நெல் பரப்பு 1930 வாக்கில் ஒரு கோடி ஏக்கரை நெருங்கியது. அது முழுக்கக் காடும் சதுப்பும் திருத்திய நிலம். காடு வெட்ட, மாடு வாங்க, அறுவடை வரை சாப்பிடப் பணம் வேண்டும். அந்தப் பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தவை செட்டியார் வட்டிக்கடைகள். 1929-30-இல் பர்மாவில் அரசு நியமித்த வங்கி விசாரணைக் குழு, அங்கே 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும் அவற்றில் புழங்கும் பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. அந்தக் காலத்து 75 கோடி.

அவர்கள் சிக்கனமாக இருந்து சேர்த்தார்கள், மற்றவர்கள் செலவழித்தார்கள். அவ்வளவுதானே?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். பதிலும் இதற்குத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். சிக்கனம் உண்டு, கணக்கில் ஒழுங்கு உண்டு, உழைப்பும் உண்டு. பல் முளைத்த வயதிலேயே முந்திரி, மாகாணி என்று கீழ்வாய் இலக்கம் (பின்ன வாய்பாடு) மனப்பாடம் செய்து, வட்டியை வாயாலேயே கணக்குப் போடப் பழகிய பிள்ளைகள் அவர்கள். ஆனால் சிக்கனமான உழவர் குடும்பங்களை நான் கடன் பிரிவில் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் தேக்குத் தூண் வைத்து வீடு கட்டவில்லை.

வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், உங்களுக்கு யார், என்ன வட்டிக்குப் பணம் தருகிறார்கள் என்பதில். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவருக்குத் தம் சமூகத்தாரிடமிருந்து 8 சதவீதத்துக்குப் பணம் கிடைக்கிறது. அவர் அதை 14-க்கு வெளியே கொடுக்கிறார். இன்னொருவருக்கு 24-க்குக் குறைந்து எங்கும் கிடைப்பதில்லை. இருவரும் ஒரே அளவு உழைத்தாலும், ஒரே அளவு சிக்கனமாக இருந்தாலும், இருபது வருடத்தில் ஒருவர் முதலாளி, மற்றவர் கடனாளி. நகரத்தாரின் பெரிய சொத்து, ஒருவருக்கொருவர் ஜாமீன் கேட்காமல் குறைந்த வட்டிக்குப் பணம் கொடுத்துக்கொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குள் பிறந்தால் மட்டுமே நுழைய முடியும்.

கோவிலுக்கும் வட்டிக்கடைக்கும் என்ன சம்பந்தம்? பக்திக்காகக் கட்டியதுதானே?

பக்தி உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கோவில் வேறு வேலைகளையும் செய்தது. வெளிநாட்டில் கடை வைத்த ஒவ்வொரு ஊரிலும் முருகன் கோவில் இருந்தது. ஒவ்வொரு கடையும் தன் முதலுக்கோ (மூலதனத்துக்கோ) வியாபாரத்துக்கோ ஏற்ப மகமை, அதாவது பொது நிதிக்கான பங்கு, செலுத்தியது. ரங்கூனில் மொகல் தெருக் கோவிலில் மாதந்தோறும் கூடி, கடைகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். இன்று ரிசர்வ் வங்கியின் கூட்டத்தில் நடக்கும் வேலையில் ஒரு பகுதி அங்கே சன்னிதிக்குப் பக்கத்தில் நடந்தது. தகராறு வந்தாலும் கோவிலில் பஞ்சாயத்து. கோவிலுக்குச் சேர்ந்த பணமும் சும்மா கிடக்காமல் கோவில் பணம் என்று தனிக் கணக்கில் கடைகளில் வட்டிக்கு ஓடியது.

சொந்த ஊர்க் கோவிலின் பங்கு இன்னும் ஆழமானது. திருமணம் என்றால் பெண் வீட்டுக் கோவிலிலிருந்தும் மாப்பிள்ளை வீட்டுக் கோவிலிலிருந்தும் மாலை வர வேண்டும். மணமானவர் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறி, புள்ளி வரி கட்டத் தொடங்குவார். ஆக, யார் யாருடைய பிள்ளை, யார் எந்தக் குடும்பம் என்ற பதிவேடு கோவிலில் இருந்தது. பினாங்கில் ஒருவர் வாங்கிய கடனை ஏமாற்றினால், நேமத்திலோ வேலங்குடியிலோ அவர் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது. வங்கியில் நாங்கள் பத்திரம், ஜாமீன் என்று அடுக்கி வாங்கியும் கிடைக்காத பாதுகாப்பு அது.

கூட்டுக் குடும்பம் என்கிறீர்கள், ஒரே வீட்டில் எட்டுப் பத்து அடுப்பு எரிந்ததாமே?

எரிந்தது. வளவு எனப்படும் நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். ஒவ்வொரு மகனுக்கும் மணமான பின் ஓர் அறை. கொஞ்ச காலத்துக்குப் பிறகு அந்தத் தம்பதியை வேறு வைப்பார்கள். அதாவது, ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று கொடுத்துத் தனிச் சமையல் செய்ய விடுவார்கள். வீடும் விசேஷமும் பொது. அடுப்பும் வரவுசெலவும் தனி. பொதுச் செலவுக்கு அவரவர் பங்கு.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒற்றுமைக் குறைவு போலத் தோன்றும். வங்கிக்காரன் கண்ணோடு பார்த்தால் அருமையான ஏற்பாடு. இருபது வயதுப் பெண்ணும் இருபத்திரண்டு வயது ஆணும் சொந்தமாக வரவுசெலவு எழுதப் பழகிவிடுகிறார்கள். ஒருவர் ஊதாரியாக இருந்தால் மற்றவர் முதல் கரையாது. அதே நேரத்தில் குடும்பத்தின் பெயரும் நாணயமும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்.

வாரிசு இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டிக்கொள்வார்கள், அதாவது தத்தெடுப்பார்கள். அதுவும் பங்காளிகளுக்குள்ளேயே, அதே கோவிலைச் சேர்ந்த பையனாகப் பார்த்து. அந்த வழியிலும் சொத்து வெளியே போகாது.

ஏழை வீட்டுப் பையன் பெட்டியடியாகப் போய் முதலாளி ஆக முடிந்ததா?

சிலர் ஆனார்கள். கடையில் கீழ்ப்படியில் பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், மேலாள் என்று படிகள் உண்டு. மேலாள்தான் அந்த ஊருக்கு ஏஜெண்டு. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். முக்தியார் பத்திரத்தை (தன் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கையில் கொடுத்துப் பெரும் தொகையை ஏஜெண்டை நம்பி விட்டுவிடுவார். சம்பளச் சீட்டு எழுதி, பெரும்பாலும் மூன்று வருடக் கணக்குக்கு அனுப்புவார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே கிடைக்கும். வீட்டில் இருக்கும் மனைவி அதை வட்டிக்கு விடுவார். இலாபத்தில் ஏஜெண்டுக்குப் பங்கும் உண்டு. இரண்டு மூன்று கணக்குப் போய் வந்தவர் சிறு கடை ஒன்றைச் சொந்தமாகத் தொடங்கலாம். அப்போது அவருக்கு முதல் கடன் கொடுப்பவர் பெரும்பாலும் பழைய முதலாளியேதான்.

அந்த மூன்று வருடமும் மனைவி மக்களைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பேரேட்டிலும் ஐந்தொகையிலும் (இருப்புநிலைக் கணக்கு) இந்தச் செலவுக்கு இடமில்லை. பெண்கள் பட்ட தனிமையை இந்தப் பணத்தின் விலையில் சேர்க்காமல் பேசுவது நேர்மை ஆகாது.

மேலே ஏறிய ஏழைகளும் நகரத்தார் ஏழைகளே. அதே கடையில் சமையலுக்கும் எடுபிடிக்கும் போன மற்றச் சாதிப் பையன் மேலாள் ஆகும் வழி கிடையாது.

வெள்ளைக்கார வங்கிகள் பர்மாக்காரர்களுக்கு நேரடியாகவே கடன் கொடுத்திருக்கலாமே?

கொடுத்திருக்கலாம். அவர்கள் அதை விரும்பவில்லை. ஐரோப்பிய வங்கிகள் ஐரோப்பியக் கம்பெனிகளின் ஏற்றுமதி இறக்குமதிக்காக வந்தவை. பர்மிய உழவரின் மொழி தெரியாது, நிலம் தெரியாது, தெரிந்துகொள்ளும் நோக்கமும் இல்லை. அவர்கள் முதல் தரம் என்று மதித்த சில பெரிய செட்டியார் கடைகளுக்கு மட்டும் கடன் கொடுத்தார்கள். அந்தக் கடைகள் சிறு கடைகளுக்குக் கொடுத்தன. சிறு கடைகள் கிராமத்துக்குக் கொண்டுபோயின. பல இடங்களில் செட்டியாருக்கும் உழவருக்கும் நடுவே வட்டிக்கு விடும் பர்மியர் ஒருவர் வேறு இருந்தார். அவர் வாங்கிய வட்டி செட்டியார் வட்டியைவிட அதிகம்.

படிக்குப் படி இனம் மாறுவதைக் கவனியுங்கள். மேலே வெள்ளையர், நடுவில் இந்தியர், அடியில் பர்மியர். இறங்க இறங்க வட்டி ஏறும். அடிப்படியில் இருப்பவர் கெட்டிக்காரராக இருந்தாலும் மேலே ஏறக் கதவு இல்லை. பர்மியர் சேமிக்கத் தெரியாதவர், சோம்பேறி என்று அன்றைய ஆங்கில அதிகாரிகள் எழுதினார்கள்; நம்மவர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். மூன்றாவது கேள்வியில் சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்.

நிலத்தைப் பிடுங்க வேண்டும் என்றுதானே கடன் கொடுத்தார்கள்?

இதை நான் ஏற்கவில்லை. வட்டித் தொழில் செய்பவருக்கு வேண்டியது பணமாகத் திரும்பும் பணம். ஐராவதிக் கரையில் நூறு ஏக்கர் சேறு கைக்கு வந்தால் அதைக் குத்தகைக்கு விட்டு, வரி கட்டி, ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் முடங்கிய பணத்தை உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு) எழுதிக் காரைக்குடிக்கு அனுப்ப முடியாது. எந்த வங்கியும் வாராக்கடனுக்கு ஈடாக நிலத்தை எடுப்பது வேறு வழியில்லாமல்தான்.

ஆனால் நடந்தது நடந்ததுதான். 1929-க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கடன் ரூபாயில், வருமானம் நெல்லில். ஒரு வண்டி நெல்லுக்குத் தீர வேண்டிய தவணைக்கு இரண்டு வண்டிக்கு மேல் கொடுத்தாலும் தீரவில்லை. ஐரோப்பிய வங்கிகளும் ஊரில் முதல் போட்டவர்களும் செட்டியார் கடைகளிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்; கடைகள் உழவரிடம் கேட்டன. காடு வெட்டித் திருத்தியவருக்கே நிலம் என்ற பழைய பர்மிய வழக்கை ஓரம் கட்டிவிட்டு, அடமானம் மூழ்கினால் நிலம் கடன் கொடுத்தவருக்கு என்ற ஆங்கிலச் சட்டம் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலம் செட்டியார் கையில் இருந்தது. 1938-இல் அது 25 சதவீதம். எட்டே வருடங்கள்.

பிடுங்கும் எண்ணம் யாருக்கும் இல்லாமலேயே கால்வாசி நிலம் கைமாற முடிகிறது என்றால், அந்தச் சட்டமும் அந்தக் கடன் முறையும் யாருக்குச் சாதகமாக எழுதப்பட்டிருந்தன என்பதைத்தான் கேட்க வேண்டும். நிலத்தை இழந்த குடும்பத்துக்குச் செட்டியாரின் உள்நோக்கம் ஒரு பொருட்டே அல்ல.

அப்படியானால் பர்மியருக்கு வந்த கோபம் இனவெறியா, கடன் கோபமா?

இரண்டும் பிணைந்தது. நிலம் போன கோபத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அது விழுந்த இடங்களைப் பாருங்கள். 1930 மே மாதம் ரங்கூனில் நடந்த கலவரம் துறைமுகக் கூலி வேலை தொடர்பாகத் தொடங்கியது. செத்தவர்களில் பெரும்பாலோர் தெலுங்குக் கூலிகள். 1938 கலவரத்தில் அதிகம் அடிபட்டவர்கள் இந்திய முஸ்லிம்கள். நிலத்தைக் கைமாற்றிய கடனோடு இவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பந்தமே இல்லை. செட்டியார் கடைப் பலகை கண்ணுக்குத் தெரிந்தது, இந்தியக் கூலியின் முகம் கண்ணுக்குத் தெரிந்தது. லண்டனில் இருந்த வங்கிப் பங்குதாரர் தெரியவில்லை.

1942-இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தே வெளியேறினார்கள். வழியிலேயே பல்லாயிரம் பேர் மாண்டார்கள். பணம் உள்ளவர்களுக்குக் கப்பல் கிடைத்தது, மற்றவர்களுக்கு மலைப்பாதை. சுதந்திர பர்மா 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்த பின் 1963-இல் வங்கிகளும் 1964-இல் கடைகளும் போயின. பெரிய கைகள் அதற்கு முன்பே பணத்தில் ஒரு பகுதியை ஊருக்குத் திருப்பியிருந்தன. கடைசி வரை இருந்து எல்லாவற்றையும் இழந்தவர்கள் சிறு வியாபாரிகளும் தொழிலாளிகளும். சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் எதிரே பர்மா பஜார் வந்தது அவர்களால்தான்.

மலாயாவிலும் இலங்கையிலும் இதே கதைதானா?

முழுக்க இல்லை. மலாயாவில் ஆங்கில அரசு 1913-லேயே மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் போட்டது. மந்தம் வந்த பிறகு, 1933-இல், அந்த நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவரிடம் அடமானம் வைப்பதையும் அடைத்தது. செட்டியாரிடம் நிலம் போய்விடும் என்ற பயம் அதற்கு முக்கியக் காரணம். நிலம் தப்பியது, ஆனால் அடமானம் வைக்க முடியாத நிலத்துக்குக் கடனும் கிடைக்கவில்லை. கடன் தரும் வேறு நிறுவனத்தைக் கட்டாமல் வாசலை மட்டும் சாத்தினால் இப்படித்தான் ஆகும்.

இலங்கையில் ஐரோப்பிய வங்கிகள் 1920-களிலேயே செட்டியார்களுக்குக் கொடுப்பதைக் குறைத்துவிட்டன. பிறகு அந்நாட்டினருக்கென்றே இலங்கை வங்கி 1939-இல் தொடங்கப்பட்டது. கொழும்புச் செட்டியார் தெருவில் இன்று நகைக்கடைகள்தான் அதிகம்.

ஆச்சிமார் பணம் என்று தனியே இருந்ததாமே. அப்போது பெண்களுக்கும் அதிகாரம் இருந்ததுதானே?

பணம் இருந்தது. ஆச்சி என்பது நகரத்தார் பெண்களைக் குறிக்கும் மரியாதைச் சொல். மணமாகும்போது பெண்ணுக்குக் கொடுத்த ரொக்கத்தை அவள் பெயரிலேயே கடையில் முதலாகப் போட்டு, வட்டியோடு வளர விடுவார்கள். பேரேட்டில் ஆச்சிமார் பணம் என்று அதற்குத் தனித் தலைப்பே உண்டு. வட்டியைக் கணக்குப் பார்த்து வாங்குவதில் ஆச்சிகளை யாரும் ஏமாற்ற முடியாது. ஐந்தாவது பதிலில் சொன்ன தனி அடுப்பு அவர்களுக்கு நல்ல பயிற்சியும் ஆனது. ஆனால் அந்தப் பணத்தை எந்த ஊருக்கு அனுப்புவது, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு கடையில் ஆண்கள் எடுத்தது. பல கடைகளின் முதலில் பெண்களின் பணம் இருந்தது, பெயர்ப்பலகையில் அவர்கள் பெயர் இல்லை.

சட்டம் மெதுவாக மாறியது. தமிழ்நாடு 1989-இல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமை தந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தை 2020-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. அதே 2020-இல், நகரத்தார் குடும்பத்துக்குச் சொந்தமான முருகப்பா தொழில் குழுமத்தின் முதலீட்டு நிறுவனத்தில், மறைந்த தலைவர் எம்.வி. முருகப்பனின் மகள் வள்ளி அருணாசலம் இயக்குநர் இடம் கேட்டார். பங்குதாரர் கூட்டத்தில் அது பெரும்பான்மை வாக்கில் தோற்றது. 2023-இல் குடும்பத்துக்குள் சமரசம் ஏற்பட்டது. பங்குகள் மகளுக்கு வரலாம். முடிவெடுக்கும் நாற்காலிக்கு மற்றவர்கள் வாக்களிக்க வேண்டும். சொத்துரிமையும் பொருளாதார அதிகாரமும் ஒன்றல்ல என்று நான் யாருக்காவது விளக்க வேண்டியிருந்தால் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

மற்றச் சாதிகளும் இப்படிக் கூட்டுச் சேர்ந்து முன்னேறியிருக்கலாமே? யார் தடுத்தார்கள்?

சிலர் செய்தார்கள். கோவிலுக்குள் நுழையவே தடை செய்யப்பட்டிருந்த நாடார்கள், உறவின்முறை என்ற அமைப்பும் மகமை நிதியும் வைத்துப் பள்ளி கட்டினார்கள், சந்தை நடத்தினார்கள். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். அது பெரிய சாதனை. ஆனால் மகமை சேர்க்க முதலில் வியாபாரம் இருக்க வேண்டும். பண்டத்தை வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகும் வாய்ப்பாவது இருக்க வேண்டும்.

தலித் மக்களுக்கு அதுவும் மறுக்கப்பட்டது. நாள் முழுக்க வேறொருவர் நிலத்தில் உழைத்து நெல்லாகக் கூலி வாங்கியவர்களிடம் சேர்த்து வைக்க முதல் ஏது? செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீரின் 1891 அறிக்கைக்குப் பிறகு 1892-இல் பஞ்சமி நிலம் (தலித் மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம்) ஒதுக்க உத்தரவு வந்தது. பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனையும் இருந்தது. அப்படி இருந்தும் அதில் பெரும்பகுதி இன்று வேறு கைகளில் இருக்கிறது. நிபந்தனையைக் காக்க வேண்டிய ஊர்க் கணக்கும் பதிவு அலுவலகமும் அதே ஊர்ப் பெரிய மனிதர்கள் பக்கம் இருந்தால் உத்தரவு காகிதத்தோடு நின்றுவிடும். யார் தடுத்தார்கள் என்று கேட்பவர்கள் ஒரே ஒரு கிராமத்தின் பழைய அடங்கலை (நிலப் பதிவேடு) எடுத்துப் பெயர்களை வாசித்தால் போதும்.

பர்மாவில் எல்லாம் போய்விட்டது என்கிறீர்கள். பிறகு இவ்வளவு கம்பெனிகளும் கல்லூரிகளும் எப்படி?

நிலம் போனது. தொடர்புகள், கணக்கறிவு, நாணயம், குடும்பப் பெயர் ஆகியவை போகவில்லை. அவற்றை வைத்து மறுபடி முதல் திரட்ட முடிந்தது. 1900-இல் பர்மாவின் மோல்மேனில் வட்டிக்கடையாகத் தொடங்கிய முருகப்பா குடும்பம் 1930-களிலேயே முதலை இங்கே திருப்பி, தொழிற்சாலைகளில் போட்டது. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறந்தார். கருமுத்து தியாகராஜ செட்டியார் மதுரையில் ஆலைகள் நடத்தினார். கல்விக்கும் பணம் போனது: அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார் அழகப்பச் செட்டியார். எங்கள் தெருப் பிள்ளைகள், நகரத்தார் அல்லாதவர்கள், முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியது அழகப்பர் கல்லூரியில்தான். இந்தக் கடனை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் மேலே பெயர் சொன்னவர்கள் சிலரே. 1940-களுக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் நொடித்துப்போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குச்சட்டி, மரப்பெட்டி, கதவு நிலை, சாமி படம் எல்லாம் குவிந்திருக்கும். சில வெண்கல அண்டாக்களின் கழுத்தில் பெயரின் முதலெழுத்துகள் வெட்டியிருக்கும், பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தபோது வெட்டியவை. அவை விலைக்கு வந்த வீடுகளும் அதே சமூகத்து வீடுகள்தான்.

இவ்வளவு பெரிய வீட்டை ஏன் விற்கவும் மாட்டார்கள், குடியிருக்கவும் மாட்டார்கள்?

ஒரு வீட்டுக்கு இன்று எத்தனை பங்கு என்று எண்ணிப் பாருங்கள். கட்டியவருக்கு நான்கு மகன்கள் என்றால், பேரன்கள் பத்துப் பன்னிரண்டு, கொள்ளுப்பேரன்கள் முப்பது. 1989, 2005 சட்டங்களுக்குப் பிறகு மகள்களும் சேர்த்தி. ஒருவர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் அமெரிக்கா. எல்லோரும் கையெழுத்திட்டால்தான் விற்கலாம். ஆளுக்கொரு அறைச் சாவி இருக்கும், முகப்பு வாசல் காவல்காரரிடம் இருக்கும். திருமணமோ படைப்போ (முன்னோர் வழிபாடு) வந்தால் மட்டும் எல்லாக் கதவும் திறக்கும்.

மூலதனத்தைக் கரையாமல் காத்த அதே விதிதான் இப்போது வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறது. சிலர் கூடிப் பேசி அறக்கட்டளை ஆக்கியிருக்கிறார்கள், சில வீடுகள் ஓட்டலாகியிருக்கின்றன. பேச்சு ஒத்துவராத இடத்தில் கூரை ஒழுகி, தேக்கு உத்திரம் கெட்டபின் இடிப்பவருக்குப் போகிறது.

எங்கள் வீட்டுப் பெட்டியில் பர்மா நிலப் பத்திரம் இருக்கிறது. ஏதாவது கிடைக்குமா?

பணமாக எதுவும் கிடைக்காது. நிலம் நாட்டுடைமையாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இழப்பீடு வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் பழைய பேப்பர் கடைக்கும் போட்டுவிடாதீர்கள். பத்திரம், பேரேடு, சம்பளச் சீட்டு, முறைச் சிட்டை (சீர்முறைக் கணக்கு), ஏஜெண்டு எழுதிய கடிதம் என்று எது இருந்தாலும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, எந்த ஊர், எந்தக் கடை, எந்த வருடம் என்று குறித்து வையுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்து வைத்த அச்சுப் பிரதிகள்தான் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. பத்திரத்தில் உங்கள் கொள்ளுத்தாத்தா பெயரோடு கடன் வாங்கிய பர்மிய உழவரின் பெயரும் அவர் கிராமமும் இருக்கும். குறிக்கும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள்.